பவளப் பாறைக்கு ஒரு வேலி - மன்னார் வளைகுடாவும் நம்ம மாவட்டத்துக் கடலும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. சாயங்காலம் காபியோடு உட்கார்ந்து படிக்கலாம்.

புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குக் கடல் கிடையாது. தொண்டைமான் மன்னர்களின் சீமையில் குளம் உண்டு, கண்மாய் உண்டு, காடு உண்டு, ஒரு முழம் கடற்கரை கூட இல்லை. 1974 ஜனவரி 14-ல் மாவட்டம் உருவானபோது திருச்சியிலிருந்து ஒரு துண்டும் தஞ்சாவூரிலிருந்து ஒரு துண்டும் எடுத்து ஒட்டினார்கள். தஞ்சாவூர்த் துண்டோடுதான் நமக்குக் கடல் வந்தது. கட்டுமாவடி, மணமேல்குடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் கரை. அதனால்தானோ என்னவோ, நம் மாவட்டத்துப் பள்ளிகளில் சித்தன்னவாசலைப் பற்றி ஒரு பிள்ளைக்குத் தெரியும் அளவுக்கு பாக் நீரிணையைப் பற்றித் தெரியாது.

நம் கரையில் பவளப் பாறை இல்லை. சேறும் மணலும் கலந்த ஆழமில்லாத கடல், அதன் அடியில் கடல் புல். ஆனால் இங்கிருந்து தெற்கே போனால், மண்டபம் கரையை ஒட்டி பாக் நீரிணைப் பக்கத்திலேயே பவளப் பாறை தொடங்கிவிடுகிறது. மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனால் மன்னார் வளைகுடா. ராமேஸ்வரம் தொடங்கி தூத்துக்குடி வரை 21 தீவுகள் கரைக்கு இணையாக ஒரு மாலை போலக் கிடக்கின்றன. குருசடை, பூமரிச்சான், மனோலி, முயல் தீவு, வாலை, அப்பா, நல்லதண்ணி, உப்புத்தண்ணி, கரியாச்சல்லி, வான் தீவு. பெயர்களைச் சொல்லிப் பார்த்தாலே ஒரு சுகம். இந்தத் தீவுகளைச் சுற்றித்தான் இந்தியாவின் முக்கியமான பவளப் பாறைத் தொகுதிகளில் ஒன்று இருக்கிறது. இதைக் காப்பாற்ற அரசாங்கம் ஐம்பது ஆண்டுகளாக என்னென்ன செய்தது, எதில் ஜெயித்தது, எங்கே கோட்டைவிட்டது என்பதுதான் இன்றைய விஷயம்.

பவளம் என்றதும் மோதிரத்தில் பதிக்கும் சிவப்புக் கல்லை நினைக்க வேண்டாம். அது வேறு. இது பாறை கட்டும் பவளம். கல் மாதிரி தெரிந்தாலும் உயிருள்ளது. மிகச் சின்னஞ்சிறு பிராணிகள் கடல் நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தமக்கு வீடு கட்டிக்கொள்கின்றன. ஒன்றின் மேல் ஒன்றாகப் பல நூற்றாண்டுகள் கட்டியதுதான் பாறை. அந்தப் பிராணியின் உடம்புக்குள் ஒரு நுண்பாசி குடியிருக்கிறது. பாசி வெயிலில் உணவு சமைத்துக் கொடுக்கும், பிராணி அதற்குத் தங்க இடம் கொடுக்கும். இந்த ஏற்பாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

விலங்கியல் படித்தவர்களுக்குக் குருசடைத் தீவைத் தெரிந்திருக்கும். கல்லூரிச் சுற்றுலாவில் அழைத்துப் போவார்கள். 1927-லேயே சென்னை அருங்காட்சியகம் அந்தத் தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றித் தனி வெளியீடு கொண்டுவந்தது. சுதந்திரத்துக்குப் பின் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் மண்டபத்தில்தான் இருந்தது, 1971-ல் கொச்சிக்குப் போகும் வரை. சி.எஸ். கோபிநாத பிள்ளை என்ற விஞ்ஞானி மண்டபத்தில் உட்கார்ந்துதான் நம் பவளங்களை இனம் இனமாகப் பிரித்து எழுதினார்.

பலருக்குத் தெரியாத ஒரு செய்தி. உலகப் பவளப் பாறை விஞ்ஞானிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் சர்வதேச மாநாடு ஒன்று இருக்கிறது. அந்த வரிசையில் முதல் மாநாடாகக் கணக்கில் வைக்கப்படுவது 1969 ஜனவரியில் மண்டபம் முகாமில் நடந்தது. இரண்டாவது மாநாடு 1973-ல், ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் கப்பலில் வைத்து நடந்தது. ஆஸ்திரேலியா தன் பவளத்திட்டுக்குக் கடல் பூங்காச் சட்டம் போட்டது 1975-ல். அதற்கு ஆறு ஆண்டு முன்பே உலகம் வந்து நம் மண்டபத்தில் உட்கார்ந்து பேசியிருக்கிறது!

அப்படிப் பேசிக்கொண்டிருந்த காலத்தில்தான், கூப்பிடு தூரத்தில், கடப்பாரை போட்டு அதே பவளத்தை உடைத்துக் கரைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒளிவு மறைவே இல்லை. மண்டபம் முதல் தூத்துக்குடி வரை வள்ளங்களில் போய்ப் பாறையைப் பெயர்த்து வந்து சுண்ணாம்புக் காளவாயில் போட்டு எரித்தார்கள். வீடு கட்டவும் பாதை போடவும் கல்லாகவே போனது ஒரு பங்கு. சுண்ணாம்புச் சத்து தேவைப்படும் தொழிற்சாலைகளுக்குப் போனது இன்னொரு பங்கு. ஆண்டுக்குப் பல ஆயிரம் டன். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியில் இன்றும் நிற்கும் மாதா கோயில் சுவரைப் போய்ப் பார்த்தவர்கள், அந்தக் கல்லில் பூப்பூவாக ஓட்டைகள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது பவளக் கல்தான்.

இதில் யாரையும் குற்றம் சொல்லி எழுத எனக்கு மனமில்லை. ராமநாதபுரம் கரையில் கருங்கல் மலை கிடையாது. கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்த கல் அதுதான். வெட்டியவன் கூலிக்கு வெட்டினான். ஆனால் விளைவு என்னவோ விளைவுதான். பாறை என்பது தீவுக்கு அலை தாங்கி. பாறை போனால் அலை நேராக மணலை அடிக்கும். 21 தீவுகளில் இரண்டு, பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும், தண்ணீருக்குள் போய்விட்டன. வரைபடத்தில் 21 என்று எழுதுகிறோம், கண்ணுக்குத் தெரிவது 19.

மீட்பு நடவடிக்கைக்கு வருகிறேன். 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. புலி, யானை, மயில் எல்லாம் அதில் இருந்தன. கடல் பசு இருந்தது. பவளம் இல்லை. குஜராத் அரசு 1980-களின் தொடக்கத்தில் கட்ச் வளைகுடாவில் நாட்டின் முதல் கடல் தேசியப் பூங்காவை அமைத்தது. தமிழ்நாடு 1986-ல் மன்னார் வளைகுடா கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவை அறிவித்தது. 21 தீவுகளும் சுற்றியுள்ள ஆழமற்ற கடலும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர். 1989-ல் அதையும் உள்ளடக்கி 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. 2001-ல் யுனெஸ்கோவின் அங்கீகாரமும் வந்தது.

பூங்காவுக்கு எல்லை போட்ட விதம் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது. நிலத்தில் என்றால் கம்பி வேலி போடலாம், கல் நடலாம். கடலில்? ஆழத்தை வைத்து எல்லை போட்டார்கள். தீவுக்கும் கரைக்கும் இடைப்பட்ட பக்கம் மூன்றரைப் பாகம் ஆழம் வரை, வெளிக்கடல் பக்கம் ஐந்து பாகம் ஆழம் வரை. பாகம் என்பது மீனவர்கள் கை இரண்டையும் விரித்து அளக்கும் அளவு, ஏறக்குறைய ஆறு அடி. மீனவனுக்குப் புரிகிற அளவில்தான் எல்லை இருந்தது என்று சொல்லலாம். ஆனால் அந்த எல்லைக்குள்தான் அவன் பாட்டன் காலத்திலிருந்து தொழில் செய்தான் என்பதை யார் கணக்கில் எடுத்தார்கள்?

தேசியப் பூங்கா என்றால் சட்டப்படி உள்ளே எதையும் எடுக்கக் கூடாது. முதுமலையில் இதைச் சொல்வதற்கும் மன்னார் வளைகுடாவில் சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. பாம்பன், சின்னப்பாலம், ஏர்வாடி, கீழக்கரை பக்கத்து ஊர்ப் பெண்கள் தீவைச் சுற்றி மூழ்கிக் கடல்பாசி எடுத்துப் பிழைத்தவர்கள். கண்ணில் ஒரு கண்ணாடி, விரலில் சுற்றிய துணி, காலில் கட்டிய தகடு, இவ்வளவுதான் அவர்களுடைய கருவி. ஒரே நாளில் அவர்கள் அத்துமீறுபவர்கள் ஆனார்கள். அபராதம், வழக்கு, பறிமுதல். வனத்துறைக்கும் ஊருக்கும் இடையில் கசப்பு வளர்ந்தது.

காகிதத்தில் பூங்கா இருந்தும் கல் வெட்டுவது நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முன்பு பகலில் வெட்டினார்கள், பிறகு இருட்டில் வெட்டினார்கள். பெரிய மாற்றம் 2001 ஜூலையில் வந்தது. பாறை கட்டும் பவளங்களையும் கடல் விசிறிகளையும் மத்திய அரசு வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு பவளத்துக்கும். அதே கையோடு கடல் அட்டை முழுவதையும், சுறா, திருக்கை இனங்கள் எல்லாவற்றையும் சேர்த்துவிட்டார்கள். மீனவர்கள் கொதித்தெழுந்தார்கள். சில மாதத்தில் சுறா, திருக்கைப் பட்டியலை மட்டும் சில இனங்களாகச் சுருக்கினார்கள், அட்டை அப்படியே நின்றது. எதிர்க்கரையில் இலங்கையில் அனுமதி பெற்று அட்டை எடுக்கலாம், இந்தக் கரையில் எடுத்தால் சிறை. அட்டைக் கடத்தல் செய்தி வாரம் தவறாமல் நாளிதழில் வருவதற்கு இதுதான் காரணம்.

பிறகு 2004 டிசம்பர் 26. சுனாமி. நாகப்பட்டினத்தில் நடந்தது நமக்கெல்லாம் தெரியும். மன்னார் வளைகுடாக் கரையில் சேதம் ஒப்பிட முடியாத அளவுக்குக் குறைவு. இலங்கைத் தீவு குறுக்கே நின்றது முதல் காரணம். இந்தத் தீவுகளும் பாறைகளும் தாங்கின என்று கரையோர மக்கள் நம்பினார்கள். அதன் பிறகு, 2005 வாக்கில், பவளம் வெட்டும் தொழில் கிட்டத்தட்ட நின்றே போயிற்று. சட்டம், ரோந்து, உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளை வழியாக ஊர்க் குழுக்களுக்குக் கிடைத்த சுயதொழில் கடன் எல்லாமும் சேர்ந்துதான் இது நடந்தது. எனக்கு என்னவோ, அந்த ஒரு காலைப் பொழுது செய்த வேலையைப் பதினெட்டு வருடச் சட்டத்தால் செய்ய முடியவில்லை என்றுதான் தோன்றுகிறது.

பாசி எடுக்கும் பெண்களும் சும்மா இருக்கவில்லை. சங்கமாகக் கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது, இரும்புச் சுரண்டி பயன்படுத்துவதில்லை, கையால் மட்டுமே பறிப்பது என்று தாங்களே ஒழுங்கு வைத்துக்கொண்டார்கள். அவர்களில் சின்னப்பாலத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணிக்கு 2015-ல் சீகாலஜி பரிசு கிடைத்தது. அமெரிக்காவில் உள்ள ஓர் அமைப்பு தீவுகளைக் காப்பவர்களுக்குத் தரும் பரிசு அது. ஒரு காலத்தில் அத்துமீறுபவர் என்று துரத்தப்பட்டவருக்கே காப்பாளர் என்று பரிசு!

அரசாங்கத்தின் ஒரு கை செய்வது இன்னொரு கைக்குத் தெரியாது என்பதற்கும் இங்கே உதாரணம் இருக்கிறது. பிலிப்பைன்ஸ் பக்கத்திலிருந்து கப்பாபைகஸ் என்ற பாசியை 1990-களில் மத்திய அரசு ஆய்வகம் ஒன்று மண்டபத்தில் வளர்த்துப் பார்த்தது. வேகமாக வளரும், நல்ல விலை. பிற்பாடு மீனவப் பெண்களுக்கு வாழ்வாதாரத் திட்டமாகவே பரவியது. நம் மாவட்டத்துக் கரையிலும் வளர்த்தார்கள். 2005-ல் தமிழக அரசு இதை மன்னார் வளைகுடாவுக்குள் வளர்க்கக் கூடாது என்று எல்லை போட்டது. ஆனால் பாசிக்கு அரசாணை படிக்கத் தெரியாதே. சில ஆண்டுகளில் குருசடைத் தீவில் உயிருள்ள பவளத்தின் மேல் பாய் விரித்த மாதிரி படர்ந்து கிடந்தது. ஒரு பக்கம் வனத்துறை ஆள் வைத்துப் பிடுங்கியது, இன்னொரு பக்கம் கடல்பாசிக்கு மானியம் தொடர்ந்தது. இந்தப் பாசியை நம்பிப் பல நூறு குடும்பங்கள் பிழைக்கின்றன என்பதால் இதில் எளிதாக ஒரு தீர்ப்புச் சொல்ல முடியாது.

இதே காலத்தில்தான் சேது சமுத்திரத் திட்டம் 2005 ஜூலையில் தொடங்கியது. ஒருபுறம் உயிர்க்கோளக் காப்பகம், மறுபுறம் அதன் அருகே கப்பல் கால்வாய்க்குத் தூர்வாருதல். 2007-ல் உச்ச நீதிமன்றம் மணல் திட்டில் தோண்டுவதை நிறுத்தி வைத்தது. அந்தச் சண்டையில் ராமர் பெயர் அடிபட்ட அளவுக்குப் பவளத்தின் பெயர் அடிபடவில்லை. அரசியல் பேச வரவில்லை, மேலே போகிறேன்.

தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையம் என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. முனைவர் பேட்டர்சன் எட்வர்ட் குழுவினர் இருபது வருடத்துக்கும் மேலாகத் தண்ணீருக்கு அடியில் போய் ஒவ்வொரு தீவாக அளந்து வைத்திருக்கிறார்கள். 117 வகைப் பவளங்களைப் பட்டியலிட்டார்கள். உயிருள்ள பவளம் எத்தனை சதவீதம் என்று கணக்கு எடுத்தார்கள். வெட்டுவது நின்ற பிறகு அந்தச் சதவீதம் மெல்ல ஏறியது. இயற்கைக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கொடுத்தால் போதும் என்பதற்கு அது நல்ல ஆதாரம்.

அப்புறம்தான் வெயில் வந்தது.

முன்பு சொன்ன பாசி–பிராணி ஏற்பாட்டை நினைத்துப் பாருங்கள். கடல் நீரின் சூடு 30 டிகிரியைத் தாண்டி வாரக்கணக்கில் நீடித்தால் பிராணி தன் உடம்பில் இருக்கும் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. நிறம் பாசியுடையது, அது போனதும் பவளம் எலும்பு மாதிரி வெளுத்து நிற்கும். சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்ப வரும், பவளம் பிழைக்கும். தணியாவிட்டால் பட்டினி கிடந்து சாகும். 1998-ல், 2010-ல், 2016-ல் பெரிய அளவில் வெளுத்தது. 2016-ல் மட்டும் உயிருள்ள பவளப் பரப்பு 38.9 சதவீதத்திலிருந்து 22.7 சதவீதமாக விழுந்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை, சரியாக மீன்பிடித் தடைக்காலத்தில், கடலில் விசைப்படகே இல்லாத அமைதியில் இது நடக்கிறது. எந்த ரோந்துப் படகு போய்ச் சூட்டைக் கைது செய்ய முடியும்?

அதனால் இப்போது வேலை வேறு திசையில் போகிறது. சிமெண்ட் சட்டங்களில் உயிருள்ள பவளக் கிளைகளைக் கட்டி நட்டு வளர்க்கிறார்கள். நாற்று நடுவது மாதிரிதான். தூத்துக்குடி வான் தீவு கரைந்து கரைந்து இரண்டு ஹெக்டேர் அளவுக்கு வந்துவிட்டபோது, சென்னை ஐஐடி வடிவமைப்பில் துளைகள் வைத்த கான்கிரீட் கட்டுமானங்களை ஆயிரக்கணக்கில் தீவின் வெளிப்புறம் இறக்கினார்கள். மத்திய அரசின் காலநிலைத் தகவமைப்பு நிதியில் நடந்த வேலை அது. அலையின் வேகம் குறைந்தது, மணல் மீண்டும் சேர்ந்தது, கான்கிரீட்டில் பவளக் குஞ்சுகள் தாமாகவே ஒட்டின, மீன் வந்தது. முழுகப் போகிறது என்று கைவிடப்பட்ட தீவு நிற்கிறது. அடுத்து கரியாச்சல்லித் தீவுக்கும் இதே சிகிச்சை, உலக வங்கி உதவியோடு நடக்கும் டிஎன்-ஷோர் திட்டத்தில். ஒரு காலத்தில் தீவிலிருந்து கல்லை வெட்டிச் சிமெண்ட்டும் சுண்ணாம்பும் செய்தோம். இப்போது சிமெண்ட்டைக் கல்லாகச் செய்து தீவுக்குத் திருப்பிக் கொடுக்கிறோம்.

நம் மாவட்டத்துக்கு வருகிறேன். பூங்கா எல்லை முழுக்க மன்னார் வளைகுடாப் பக்கம். பாக் நீரிணைப் பக்கத்துப் பவளப் பாறைகள் அந்த எல்லைக்குள் வரவில்லை. பவளம் எங்கிருந்தாலும் முதல் அட்டவணைதான், உடைத்தால் குற்றம்தான். ஆனால் பூங்காவுக்குக் கிடைத்த ஆளும் படகும் கண்காணிப்பும் இந்தப் பக்கத்துக்குக் கிடைத்ததில்லை. விசைப்படகின் மடிவலை கடலடியை வாரிக்கொண்டு போகும். ஜெகதாப்பட்டினமும் கோட்டைப்பட்டினமும் விசைப்படகுத் தளங்கள் என்பதால் இதைச் சொல்லும்போது நம் பிள்ளைகளைத்தான் சொல்கிறேன் என்பது எனக்குத் தெரியும். 1983 சட்டப்படி கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு தொழில் செய்யக் கூடாது. விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்றும் ஓர் ஏற்பாடு. நாட்டுப்படகுக்காரர்களைக் கேட்டால் இது எவ்வளவு நடக்கிறது என்று சொல்வார்கள். 2017-ல் இழுவைப் படகுகளை ஒப்படைத்துவிட்டு ஆழ்கடல் சூரை மீன் படகுக்கு மாறும் திட்டம் வந்தது. 2,000 படகு இலக்கு. படகு விலை 80 லட்சம், அதில் 70 சதவீதம் மானியம். ஆனாலும் மிகச் சிலரே மாறினார்கள். மாலையில் போய்க் காலையில் திரும்பிப் பழகியவனை வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கு என்றால் படகு மட்டும் போதாது, வாழ்க்கையையே மாற்ற வேண்டும். கடனும் அவன் தலையில்தான்.

2022 செப்டம்பரில் நம் கடலுக்கும் ஒரு வேலி வந்தது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர், நாட்டின் முதல் கடல் பசுப் பாதுகாப்பகம். ஆவுளியா என்று நம் மீனவர்கள் சொல்வது இதைத்தான். பவளம் இல்லாத கடலில் கடல் புல்தான் மீன் குஞ்சுக்குத் தொட்டில், ஆவுளியாவுக்குச் சாப்பாடு. வலையில் சிக்கிய ஆவுளியாவை வலையை அறுத்து விட்ட மீனவர்களுக்கு வனத்துறை பரிசு கொடுத்ததைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். மீனவர் பிள்ளைகளுக்கு ஆவுளியா பெயரில் உதவித்தொகைத் திட்டமே நடந்தது. வாத்தியாராக எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது.

இங்கே சட்டப் பிரிவு வேறு என்பதைக் கவனியுங்கள். இது தேசியப் பூங்கா அல்ல, பாதுகாப்பு ஒதுக்ககம். அறிவிக்கும் முன் உள்ளூர் மக்களைக் கலந்து பேச வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மீனவர் தொழில் உரிமை பறிபோகாது. நிர்வாகத்துக்கு ஆலோசனை சொல்லும் குழுவில் எல்லைக்குட்பட்ட ஊராட்சிகள் ஒவ்வொன்றின் பிரதிநிதிக்கும் இடம் உண்டு. 1986-ல் பாம்பன் பெண்களுக்குக் கிடைக்காத நாற்காலி இது. மணமேல்குடி, கட்டுமாவடி, அம்மாபட்டினம் பக்கத்து ஊராட்சிகளில் பொறுப்பில் இருக்கும் என் பழைய மாணவர்கள் சிலர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். அந்தக் குழு உங்கள் ஊரைக் கூப்பிட்டதா, கடைசியாக எப்போது கூடியது, என்ன பேசினார்கள் என்று கீழே எழுதுங்கள். மடிவலை பற்றி யாராவது பேச்செடுத்தார்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.